கட்டிய புல் நடுவில் ஏன் பூசணம் பிடிக்கிறது? உலர்புல் கட்டுவது, அடுக்குவது பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நான்கு மாடுகள், ஒன்றரை ஏக்கர் தீவனப்புல். போன முறை உபரியாக வந்ததை அறுத்துக் காயவைத்து, வாடகைக்கு வந்த இயந்திரத்தில் சதுரக் கட்டுகளாகக் கட்டி, கொட்டகையில் அடுக்கினீர்கள். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் பல கட்டுகளின் நடுவில் வெள்ளைப் பூசணம்; சில கட்டுகள் புகையிலை மாதிரிப் பழுப்பாகிக் கிடந்தன. கொட்டகையில் காற்றோட்டம் போதவில்லையா, கட்டு அளவுக்கு மீறி இறுகிவிட்டதா, சொந்தமாக ஒரு சின்ன பேலர் (புல் கட்டும் இயந்திரம்) வாங்கினால் சரியாகுமா, பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

கூரை ஒழுகவில்லை என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: கட்டிய அன்று புல் சரியாகக் காயவில்லை. மேலிருந்து ஒழுகினால் மேல் கட்டு கெடும். தரையிலிருந்து ஈரம் ஏறினால் அடிக்கட்டு கெடும். கட்டின் நடு கெட்டிருந்தால், அந்த ஈரம் கட்டோடு சேர்ந்தே கொட்டகைக்குள் வந்திருக்கிறது. புது இயந்திரம் வாங்கினாலும் அதே ஈரத்தில் கட்டினால் அதே பூசணம்தான் வரும். அதனால் கட்டுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பச்சைப் புல்லின் எடையில் 75 முதல் 80 சதவீதம் நீர். கட்டும்போது அது 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 80 சதவீத ஈரமுள்ள புல்லிலிருந்து 1,000 கிலோ உலர்புல் எடுக்க 4,250 கிலோ பச்சைப் புல் வேண்டும். அதிலிருந்து 3,250 கிலோ நீர் காற்றில் போயாக வேண்டும். வயலில் பரப்பிக் கிடக்கும் புல்லைப் பார்த்து "காய்ந்துவிட்டதே, இன்றைக்கே கட்டிவிடலாமே" என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். இலை ஒரே வெயிலில் சலசலக்க ஆரம்பித்துவிடும். தண்டுக்குள் இருக்கும் நீர், அதிலும் கணுவுக்குள் இருப்பது, அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. நம்மை ஏமாற்றுவது இலைதான்.

அறுக்கும் பருவத்திலிருந்தே தொடங்கலாம். முற்றிப்போய் விதை பிடித்த புல்லை அறுத்தால் எடை கூடும், சத்து குறையும், தண்டு தடித்திருப்பதால் காயவும் நாளாகும். புல் என்றால் கதிர் தள்ளத் தொடங்கும்போது, குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம் என்றால் பூவெடுக்கத் தொடங்கும்போது அறுங்கள். தரையோடு வழிக்காமல் 7 முதல் 10 செ.மீ. தாள் விடுங்கள். அறுத்த புல் அந்தத் தாளின் மேல் படுத்திருந்தால் அடியில் காற்று ஓடும், மண் ஒட்டாது, மறுதழைப்பும் வேகமாக வரும். காலையில் பனி காய்ந்ததும் அறுத்தால் அன்றைய வெயில் முழுவதும் கிடைக்கும்.

அறுத்தவுடன் பலர் வரிசையாகக் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் பார்த்தால் மேலே வெளுத்து, அடியில் பச்சையாகவே இருக்கும். அப்படிச் செய்யாமல், அறுத்த பரப்பு முழுவதையும் மூடுகிற மாதிரி மெல்லிசாகப் பரப்புங்கள். இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அறுத்த புல் உடனே செத்துவிடுவதில்லை. ஈரம் சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கும் வரை அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சில் எரிந்துபோவது மாட்டுக்குப் போக வேண்டிய சர்க்கரை. முதல் பாதி ஈரம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அவ்வளவு சத்து புல்லில் மிஞ்சும்.

புரட்டுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். புல் இன்னும் துவண்ட நிலையில், பாதிக்கு மேல் ஈரம் இருக்கும்போதே உதறிப் புரட்டுங்கள். காய்ந்த பிறகு புரட்டினால் இலை நொறுங்கி மண்ணில் விழும். பயறுவகைத் தீவனத்தில் புரதத்தில் பெரும்பங்கு இலையில்தான் இருக்கிறது. தண்டை மட்டும் வாரி வந்து கட்டிவைத்தால் விறகு கட்டிய மாதிரிதான். அந்தவகைத் தீவனத்தைக் காலையில் லேசாகப் பனி இருக்கும்போது புரட்டி, ஈரம் 40 சதவீதம் அளவில் இருக்கும்போதே வரிசையாக வாரிவிட்டால் இலை தங்கும். வெறும் புல்லுக்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

மழை பற்றி ஒரு வார்த்தை. அறுத்த அன்றே மழை பெய்தால் நஷ்டம் குறைவு. புல் இன்னும் பச்சை, நீர் மேலாக வழிந்துவிடும். முக்கால்வாசி காய்ந்த புல்லின் மேல் மழை பெய்தால்தான் கரையும் சத்தெல்லாம் கழுவிப்போகும். வானம் சந்தேகமாக இருந்தால் முழு வயலையும் அறுக்காதீர்கள். ஒன்றரை ஏக்கரை மூன்றாகப் பிரித்து அறுப்பது உங்களைப் போன்ற சின்னப் பண்ணைக்கு இருக்கிற பெரிய வசதி. ஒரு பங்கு கெட்டாலும் இரண்டு பங்கு தப்பும்.

சரி, காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

கையால் பார்க்கும் முறை பழையது, ஆனால் நம்பலாம். வரிசையின் மேலிருந்து எடுக்காதீர்கள். கையை அடிவரை விட்டு, தரையை ஒட்டிக் கிடப்பதில் ஒரு கைப்பிடி எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவது போல் முறுக்குங்கள். கயிறு மாதிரி நெகிழ்ந்து கொடுத்தால் இன்னும் ஒரு காய்ச்சல் வேண்டும். மூன்று நான்கு முறுக்கில் தண்டு சில இடங்களில் முறிந்து, முறிந்த இடத்தில் ஈரம் மினுங்காமல் இருந்தால் கட்டும் பருவம் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தடித்த தண்டாகப் பார்த்து ஒன்றை உருவி, கட்டைவிரல் நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள். தோல் நாராக உரிந்து வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. உரியாமல் தூளாக உதிர்ந்தால் நல்லது. கடைசியாகக் கணு. கணுவை நகத்தால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் அன்றைக்குக் கட்டாதீர்கள். வயலில் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யவும் கூடாது. மர நிழல் விழும் ஓரம், தண்ணீர் தேங்கும் பள்ளம், வரிசை தடித்திருக்கும் திருப்பம் ஆகிய இடங்களில்தான் ஈரம் ஒளிந்திருக்கும்.

கையில் நம்பிக்கை வரும் வரை உப்புச் சோதனையும் செய்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடி ஜாடி, பொருத்தமான மூடி. இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய புல்லைப் பாதி ஜாடிக்குப் போட்டு, ஈரமில்லாத தூள் உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு மணல் போல உதிரியாகவே இருந்தால் கட்டலாம். கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டால் காத்திருங்கள்.

எண் வேண்டும் என்றால் மைக்ரோவேவ் அடுப்பும் சிறிய தராசும் போதும். வயலின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து நறுக்கிய 100 கிராம் புல்லைத் தட்டில் பரப்பி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, இரண்டு நிமிடம் சூடாக்கி எடை போடுங்கள். பிறகு அரை நிமிடம் அரை நிமிடமாகச் சூடாக்கி எடை போட்டுக்கொண்டே வாருங்கள். எடை மேலும் குறையாத இடத்தில் நிறுத்துங்கள். 100 கிராமில் எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை சதவீதம் ஈரம். அந்தத் தண்ணீர் டம்ளரை மறந்துவிடாதீர்கள். புல் தீப்பற்றாமல் காப்பது அதுதான். கம்பி போலக் கட்டுக்குள் குத்திப் பார்க்கும் ஈரமானியும் கிடைக்கிறது. அதை ஒரே கட்டில் குத்தி நம்பாமல் பத்துக் கட்டுகளில் குத்தி, அதில் அதிகமாகக் காட்டியதை வைத்து முடிவெடுங்கள். சராசரியைப் பார்த்தால் பிரச்சினை மறைந்துபோகும். கொட்டகையைக் கெடுப்பது அந்த ஒன்றிரண்டு ஈரக் கட்டுதான்.

எவ்வளவு ஈரம் வரை கட்டலாம் என்பது கட்டின் அளவைப் பொறுத்தது. சின்னச் சதுரக் கட்டுக்கு 18 சதவீதம், போனால் 20. பெரிய உருளைக் கட்டுக்கு 16ஐ ஒட்டி. இறுக்கமான பெரிய சதுரக் கட்டுக்கு 14, 15. கட்டு பெரிதாகவும் இறுக்கமாகவும் ஆக, உள்ளே மிஞ்சிய ஈரமும் சூடும் வெளியே வர வழி குறையும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது: காய்ந்த புல்லுக்கு இறுக்கம் நல்லது. இடம் மிச்சம், கட்டு அவிழாது, அடுக்கு சரியாது. ஈரப் புல்லுக்குத்தான் அதே இறுக்கம் கெடுதல்.

கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் கட்டியே ஆக வேண்டும் என்றால் புரோபியானிக் அமிலம் கலந்த காப்பு மருந்தை இயந்திரத்திலேயே தெளித்துக் கட்டும் முறை உண்டு. அது 20க்கும் 25க்கும் இடைப்பட்ட ஈரத்துக்கு உதவும். அதற்கு மேல் நம்ப முடியாது. எல்லா இடத்திலும் சீராகப் படவில்லை என்றால் படாத இடம் கெடும். நான்கு மாட்டுக்கு இது தேவையில்லாத செலவு என்பது என் அபிப்பிராயம். யூரியா கரைசல் தெளித்து மூடிவைக்கும் முறையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வைக்கோல் போன்ற சத்துக் குறைந்த தீவனத்துக்கு உரியது. சர்க்கரைச் சத்துள்ள நல்ல உலர்புல்லில் அதைச் செய்தால் மாட்டின் நரம்பைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டாகக்கூடும்.

கட்டும் நேரம்: பனி முழுவதும் காய்ந்த பிறகு தொடங்கி, மாலைக் குளிர் இறங்குவதற்கு முன் நிறுத்துங்கள். காய்ந்த புல் காற்றிலிருக்கும் ஈரத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு "இன்னும் இரண்டு வரிசைதானே" என்று கட்டிய கட்டுகளை அடுத்த நாள் தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். எடையே ஒரு நல்ல அடையாளம். ஒரே அளவு, ஒரே இறுக்கம், ஆனால் ஒரு கட்டு மட்டும் மூன்று நான்கு கிலோ கனக்கிறது என்றால் அது ஈரக் கட்டு. அதன்மேல் ஒரு வண்ணத்துணி கட்டித் தனியே வையுங்கள். முதலில் அதைத் தீனிக்கு எடுத்துவிடலாம்.

இப்போது இயந்திரம் வாங்குவது பற்றி. உங்கள் தேவையைக் கணக்குப் போடுவோம். 400 கிலோ மாடு ஒன்று நாளுக்கு உடல் எடையில் 2.5 சதவீதம், அதாவது 10 கிலோ உலர்பொருள் (நீரைக் கழித்த தீவன எடை) தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை, 5 கிலோவை, உலர்புல்லாகக் கொடுத்தால், புல்லில் இருக்கும் 15 சதவீத ஈரத்தையும் சேர்த்து மாட்டுக்குச் சுமார் 6 கிலோ, நான்குக்கும் 24 கிலோ. 120 நாளுக்கு 2,880 கிலோ. சேதாரமும் சேர்த்து 3,300 கிலோ. 15 கிலோ கட்டாக 220 கட்டு. ஆண்டுக்கு 220 கட்டுக்காகச் சொந்த இயந்திரம் வாங்கி, அதற்கு எண்ணெய் போட்டு, முடிச்சுப் போடும் பாகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பது கட்டுப்படியாகாது. வாடகை இயந்திரம் நல்ல வழிதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: இயந்திரம் வரும் நாளில் கட்ட வேண்டியிருக்கும், புல் காய்ந்த நாளில் கட்ட முடியாது. போன முறை உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம்.

அதற்கு மாற்று மரப்பெட்டி. உள்ளளவு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் உள்ள, அடியும் மேலும் திறந்த பெட்டி. ஒரு பக்கம் கதவு போலத் திறக்க வேண்டும். சணல் கயிறு இரண்டை அடியில் குறுக்காகப் போட்டு, முனைகளை வெளியே விட்டு, புல்லை அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து அல்லது நெம்புகோல் பலகையால் அழுத்தி, கயிற்றை இழுத்து முடிந்து, கதவைத் திறந்து உருவிவிடலாம். இயந்திரக் கட்டு அளவுக்கு இறுகாது. அதனால் கொஞ்சம் ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். வேகம் குறைவுதான். ஆனால் வயலை மூன்றாகப் பிரித்து அறுக்கிறவருக்கு, காய்ந்த பங்கை அன்றன்றே கட்டிவிடுகிற சுதந்திரம் கிடைக்கிறது. நான் பல வருடம் இப்படித்தான் கட்டினேன். அந்த வருடங்களில் பூசணம் பிடித்த கட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இயந்திரத்தில் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. டிராக்டரிலிருந்து பேலருக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு ஒன்பது சுற்று. தளர்ந்த சட்டைக் கையோ வேட்டி முனையோ அதில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. புல் அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். உதவிக்கு வருகிறவர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கட்டுகளை அன்றே வயலைவிட்டு எடுத்துவிடுங்கள். ஒரு இரவு தரையில் கிடந்தாலே அடிப்பக்கம் மண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மேல்பக்கம் பனியை. தூக்கும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்குங்கள். கயிற்றில் விரலை மாட்டித் தூக்குவதைவிடக் கொக்கி நல்லது. பெரிய உருளைக் கட்டு என்றால் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். சரிவில் அதை உருளும் திசையில் விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், சரிவுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்துங்கள்.

அடுக்குவதற்கு முன் தரை. மண் தரையிலோ சிமெண்ட் தரையிலோ நேரடியாக வைத்தால் அடி அடுக்கு வீண். மரச்சட்டமோ கழிகளோ பழைய டயரோ போட்டு 10, 15 செ.மீ. உயர்த்தி, அடியில் காற்று நுழையும்படி செய்யுங்கள். அடி அடுக்கை மட்டும் ஒருக்களித்து, கயிறு பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். சணல் கயிறு தரை ஈரம் பட்டு இற்றுப்போகாது. அதற்குமேல் செங்கல் கட்டுவது மாதிரி, ஒரு அடுக்கின் இணைப்பின் மேல் அடுத்த அடுக்கின் கட்டு வர வேண்டும். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விடுங்கள். கூரைக்கும் மேல் அடுக்குக்கும் இடையே அரை மீட்டர் இடம் விடுங்கள்; புதுப் புல் விடும் வியர்வை அங்கேதான் வெளியேற வேண்டும். உங்கள் 220 கட்டுக்கு சுமார் 31 கன மீட்டர் இடம். இரண்டரை மீட்டர் உயரம் அடுக்கினால் 12, 13 சதுர மீட்டர் தரை போதும். சுற்றி நடக்க இடம் தனி.

அறுப்பு வாரியாகப் பிரித்து அடுக்குங்கள். ஒரு அட்டையில் கட்டிய தேதியும் எந்த வயல் என்பதும் எழுதிச் செருகிவிட்டால் எது பழையது, எது ஈரச் சந்தேகம் உள்ளது என்று பின்னால் தேட வேண்டியதில்லை. எடுக்கும்போது மேலிருந்து படிப்படியாக எடுங்கள். அடியிலிருந்து உருவினால் அடுக்கு உங்கள் மேலே சரியும். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

கொட்டகை போதாமல் வெளியே வைப்பதானால் சதுரக் கட்டை வைக்கவே வேண்டாம். அது மழைநீரைக் குடிக்கும். உருளைக் கட்டு ஓரளவு நீரை வழியவிடும், ஆனால் அதிலும் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. 120 செ.மீ. விட்டமுள்ள உருளையில் வெளிப்புற 15 செ.மீ. மட்டும் கெட்டாலே மொத்தப் புல்லில் 44 சதவீதம் போய்விடும். 60 செ.மீ. விட்டமுள்ள சின்ன உருளையில் 10 செ.மீ. கெட்டால் பாதிக்கு மேல் போகும். பார்க்கத் தோல் மட்டும் கறுத்த மாதிரி இருக்கும். மாட்டுக்குக் கிடைப்பது பாதி. தார்ப்பாய் போடுவதானால் நேராகப் புல்லின் மேல் இழுத்துக் கட்டாதீர்கள். நடுவில் ஒரு கழி கொடுத்துக் கூரை போல் சரிவாக்கி, இரு முனையும் திறந்திருக்கட்டும். இறுக்கி மூடினால் புல் விடும் ஆவி தார்ப்பாயின் அடியில் நீராகி மேல் அடுக்கிலேயே சொட்டும்.

அப்புறம் சூடு. இதைத்தான் நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பழுப்புக் கட்டுகள் அதன் அடையாளம். ஈரத்தோடு கட்டிய புல்லில் முதலில் புல்லின் மிச்ச மூச்சும், பிறகு நுண்ணுயிர்களும் பூசணமும் சூட்டைக் கிளப்பும். முதல் சில நாளில் ஒரு சூடு வந்து தணிந்த மாதிரி இருக்கும். பிறகு மறுபடி ஏறும். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை கவனம் வேண்டும். 70 டிகிரி செல்சியஸுக்கு அருகில் நுண்ணுயிர் செத்துவிடும், ஆனால் அதற்குள் ரசாயன வினைகள் தொடங்கி அவை தாமாகவே சூட்டை ஏற்றிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பொறி எதுவும் விழாமலே போர் தீப்பிடிப்பது இப்படித்தான்.

எனக்கே ஒரு முறை நடந்தது. மேகம் கூடிய ஒரு மாலை, மர நிழலோரமாகக் கிடந்த வரிசைகளையும் சேர்த்துக் கட்டி, பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிவிட்டேன். மூன்றாவது வாரம் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. துர்வாடை இல்லை, சர்க்கரை கருகுவது போல இனிப்பாக, புகையிலை கலந்த மாதிரி. கட்டுகளின் இடுக்கில் கையை முழங்கை வரை விட்டேன், வைத்திருக்க முடியவில்லை. வெப்பமானி 62 டிகிரி காட்டியது. அன்று பகல் முழுவதும் அடுக்கைப் பிரித்து வெளியே பரப்பினோம். உள்ளிருந்து வந்த கட்டுகள் பழுப்பேறி, தொட்டால் முறுமுறுவென்று இருந்தன. மாடுகள் அவற்றை ஆசையாகத் தின்றன, ஆனால் பால் குறைந்தது. சூட்டில் சர்க்கரையும் புரதமும் பிணைந்துகொண்டுவிடும். அந்தப் புரதம் மாட்டின் வயிற்றில் சரியாகச் செரிக்காது.

அதனால் அடுக்கிய பிறகு ஆறு வாரம் வரை இரண்டு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். நீளத் தண்டுள்ள வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவரை குத்தி, கால் மணி நேரம் கழித்து உருவிக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் ஆபத்து தொடங்கிவிட்டது. 50 டிகிரி வரை சாதாரணம். 55ஐத் தாண்டினால் தினமும் பாருங்கள், அடுக்கைத் தளர்த்திக் காற்று விடுங்கள். 65ஐ எட்டினால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள், மாடுகளை அங்கிருந்து தள்ளிக் கட்டுங்கள். 70ஐத் தாண்டினால் அடுக்கில் கை வைக்காமல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் அவசரப்பட்டுப் பிரித்தால் காற்று பட்டவுடன் குப்பென்று பற்றிக்கொள்ளும். மேலே ஏறியும் பார்க்கக் கூடாது. உள்ளே கருகிக் குழியாகியிருந்தால் ஆள் உள்ளே விழுந்துவிடுவார்.

இந்தக் காரணத்துக்காகவே தீவனக் கொட்டகை மாட்டுக் கொட்டகையிலிருந்தும் வீட்டிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். குறைந்தது 15, 20 மீட்டர். சூடான எஞ்சினோடு டிராக்டரையோ பைக்கையோ அதற்குள் நிறுத்தாதீர்கள். டீசல் கேனும், தோல் உரிந்த மின்கம்பியும் அங்கே இருக்கவே கூடாது.

தீனி போடும்போது கயிற்றை அறுத்து எடுத்து, இரண்டு கயிறும் கையில் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கயிறு மாட்டின் வயிற்றில் செரிக்காது, வெளியேயும் வராது, பந்தாகச் சுருண்டு தங்கிவிடும். கம்பித் துண்டு இன்னும் மோசம். இரைப்பையைக் குத்தி இதயம் வரை போகும். கட்டுக்குள் செத்த எலியோ பாம்போ தென்பட்டால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். அழுகிய உடலிலிருந்து பரவும் நஞ்சு மாட்டை முடக்கிக் கொல்லக்கூடியது. தரையில் போடாமல் தொட்டியிலோ சட்டத்திலோ போட்டால் மிதிபட்டு வீணாவது பெரிதும் குறையும்.

கடைசியாக, இப்போது உங்களிடம் இருக்கும் கட்டுகள். வெள்ளையோ கறுப்போ சாம்பலோ, கண்ணுக்குத் தெரியும் பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள். சினை மாட்டுக்கும் கன்றுக்கும் கட்டாயம் கூடாது, குதிரை வைத்திருந்தால் அதற்கும் கூடாது. பூசணத்தில் சில வகை நச்சை உண்டாக்கும்; அது வெயிலில் உலர்த்தினால் போகாது. நல்ல பகுதியைப் பிரித்து எடுக்கலாம் என்று நினைத்தால், உதறும்போது எழும் தூசியை நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள். அது நுரையீரலில் தங்கி, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகத் திரும்பத் திரும்ப வரும் நோயாக மாறக்கூடியது. துணி கட்டினால் போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று பிரியுங்கள். பூசணக் கட்டுகளை மரங்களின் அடியில் மூடாக்காகப் போடலாம், எருக்குழியிலும் சேர்க்கலாம். பூசணம் இல்லாமல் பழுப்பு மட்டும் ஏறியதை, பால் கறக்காத மாட்டுக்கு வேறு நல்ல தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். அப்புறம் கொட்டகையை முழுவதும் காலி செய்து கூட்டி, தரையில் படிந்த பழைய தூளையெல்லாம் அள்ளிவிட்டுப் புது அறுப்பை உள்ளே கொண்டுவாருங்கள்.